நடுவழியில் இறக்காதவர்

கியாக்தானில் லைன்கார் ஏறுகிறவர்களிடம் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"எங்க எறங்குற?"

ரங்கூன் என்று சொன்னால் ரங்கூன். தன்லின் என்று சொன்னால் தன்லின். சொன்ன பிறகு மனம் மாறக்கூடாது. பாதி வழியில் யாராவது எழுந்து, "அக்கா, இங்கயே எறங்கிக்கிறேன்" என்றால், "ஏறும்போது இந்த எடத்தையா சொன்ன?" என்று ஒரு பார்வை பார்ப்பார். எழுந்தவர் உட்கார்ந்துவிடுவார். சந்தையில் மீன்கூடை தூக்குகிற முரட்டு ஆண்பிள்ளைகளே உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

லைன்கார் என்பது பின்னால் நீளவாக்கில் இரண்டு பெஞ்சு போட்டு, மேலே கூரை கட்டிய பிக்கப் வண்டி. ஓட்டுகிறவரை எல்லோரும் ஸயா என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். பின்படியில் தொங்கிக்கொண்டு ஆள் ஏற்றி இறக்குகிறவரை ஸ்பேர் என்போம். எங்கள் நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. ஆனால் பாதிக்கு மேல் ஜப்பானில் ஓடித் தேய்ந்து வந்தவை, ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். முந்திப்போக வேண்டுமென்றால் எதிரே வருவது ஓட்டுநருக்குத் தெரியாது. ஸ்பேர்தான் இடப்பக்கம் உடம்பை வெளியே நீட்டிப் பார்த்து "ஸ்வே!" என்று கத்த வேண்டும். இழு, போ என்று அர்த்தம். அவர் கத்தினால் சாலையோரத்து வாத்துகள் கூட நடையை வேகமாக்கும்.

பெண் ஸ்பேர் எங்கள் லைனில் அவர் ஒருவர்தான். தமிழர். நாற்பதைத் தாண்டியவர். கன்னங்களில் வட்டமாகத் தனாக்கா மரச்சாந்து பூசியிருப்பார், புருவங்களின் நடுவில் குங்குமம் வைத்திருப்பார், அதற்குக் கீழே ஆண்பிள்ளைச் சட்டை. அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதமாட்டேன். "பேர வச்சு என்ன பண்ணப்போற, வண்டியப் பாத்து ஏறு" என்று சொல்கிறவர். ஊரில் எல்லோருக்கும் அவர் ஸ்பேர் அக்கா.

மற்ற வண்டிகளில் ஆள் மாற்றுவார்கள். ரங்கூனுக்குப் போகிற வண்டியில் தன்லின் தாண்டியதும் நாலைந்து பேர்தான் மிஞ்சியிருக்கிறார்கள் என்றால், இவ்வளவு பேருக்காக எதற்கு டீசல் எரிக்க வேண்டும் என்று வண்டியை ஓரம்கட்டி, பின்னால் வருகிற வண்டியில் எங்களைத் திணித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அந்த வண்டிக்காரனும் கொஞ்ச தூரம் போய் அதையே செய்வான். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரத்தில் என்னை அப்படி மாற்றி மாற்றி ஏற்றி, நான் போய்ச் சேர்ந்தபோது வகுப்பில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மூட்டையைக்கூட இறக்கும்போது யாருடையது என்று கேட்டுத்தான் இறக்குவார்கள். ஆளை இறக்கும்போது கேட்பதில்லை.

அவர் வண்டியில் ஆள் மாற்றுவது கிடையாது. ஓட்டுநர் கோ டுன் ஒரு பர்மியர். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அமைதியாக ஓட்டுகிறவர். ஒரு தடவை வண்டியில் ஒரே ஒரு கிழவி மிஞ்சியிருந்தார்.

"ஒரு ஆளுக்காகவா ரங்கூன் வரைக்கும் போறது?" என்று கோ டுன் முனகினார்.

"ஒரு ஆள்னா ஆள் இல்லையா, ஸயா? அரை ஆளா?"

வண்டி போயிற்று. கிழவி வழியெல்லாம் சங்கடப்பட்டுக்கொண்டே வந்தார். இறங்கும்போது கும்பிட்டார். "என்ன கும்பிடு? ஏத்துனேன், எறக்குனேன். குடைய மறக்காம எடு" என்றார் அக்கா.

அவர் ஏன் அப்படி என்பதற்கு ஊரில் பல கதைகள் இருந்தன. சின்ன வயதில் அவரை யாரோ நடுச்சாலையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள் என்பார்கள். புருஷன் பாதியில் விட்டுப் போனதால் வந்த பிடிவாதம் என்பார்கள். நான் துணிந்து ஒரு தடவை கேட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"படிச்ச புள்ள நீயும் கத கட்டுறியா? எறக்குறேன்னு சொல்லி ஏத்துறோம். எறக்கணும். இதுக்குப் போய் ஒரு கத வேணுமா?"

வண்டிக்கூரைமேல் ஏறிச் சாமான் கட்டுவதும் அவர்தான். எங்கள் நாட்டில் ஆண்கள் கீழே உட்கார்ந்திருக்கும்போது பெண் அவர்கள் தலைக்கு மேலே ஏறக்கூடாது. ஆண்பிள்ளையின் மகிமை குறைந்துவிடும் என்பார்கள். அதனால் யாரும் ஏறுவதற்கு முன்பே மேலே போய் மீன்கூடைகளையும் அரிசி மூட்டைகளையும் கட்டிவிடுவார். ஒரு நாள் ஒரு பெரியவர் சீக்கிரமே வந்து உள்ளே உட்கார்ந்துகொண்டு, மேலே கால் சத்தம் கேட்டதும் குதித்தார்.

"ஏய், எறங்கு! கீழ ஆம்பள உக்காந்திருக்கேன்ல?"

"நான் முன்னாடியே ஏறிட்டேன், ஊலே. ஏறி நிக்கிறவ காலுக்குக் கீழ வந்து உக்காந்தது நீங்க."

ஊலே என்றால் மாமா. மரியாதைக்குக் குறைவில்லை. பெரியவர் வெளியே போய், கடைசி முடிச்சுப் போடும்வரை நின்றார்.

இப்படியே சொல்லிக்கொண்டு போனால் அவரை ஒரு வீராங்கனை என்று நினைத்துவிடுவீர்கள். எனக்கு இன்றைக்கும் சரியா தப்பா என்று தெரியாத ஒன்றும் உண்டு. ஒரு நாள் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். உதடு வீங்கியிருந்தது. ரங்கூனில் அவளுடைய அக்கா வீடு என்றாள். வயல்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தபோது அழ ஆரம்பித்தாள். "நிறுத்துங்க, நான் திரும்பிப் போறேன். அவரு சோறு தண்ணி இல்லாம இருப்பாரு" என்றாள். வண்டியில் எல்லோரும் ஸ்பேர் அக்காவைப் பார்த்தோம்.

"ரங்கூன்னு சொன்ன."

"தெரியாம சொல்லிட்டேங்க்கா."

"அங்க போய் எறங்கு. எறங்கி நின்னு அழு. அப்பவும் திரும்பணும்னா நானே கூட்டிட்டு வந்து உன் வீட்டு வாசல்ல எறக்குறேன். நடுவுல எறக்க மாட்டேன்."

அந்தப் பெண் கெஞ்சினாள். ஒரு கட்டத்தில் திட்டினாள். குழந்தையும் சேர்ந்து அழுதது. வண்டி நிற்கவில்லை. ரங்கூனில் இறங்கி ஒரு தூணோரம் வெகுநேரம் நின்றாள். அக்கா திரும்புகிற வண்டியில் ஆள் ஏற்றிக்கொண்டே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வரவில்லை. அதன்பிறகு அவள் எப்படி இருக்கிறாள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. என் அம்மா சொன்னாள்: "அவ வாழ்க்கைய இவ யாரு முடிவு பண்ண?" எனக்கு அந்தப் பெண்ணின் வீங்கிய உதடு மட்டும் நினைவில் இருக்கிறது.

என்னிடம் அவருக்குத் தனிப் பிரியம் எதுவும் கிடையாது. நெரிசலில் புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு நான் நெளிந்தால், "படிக்கிற புள்ளைக்கு பெஞ்சு நீளாது. தள்ளி உக்காரு" என்பார். எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா நெல்மில்லில் மூட்டை தூக்குகிறவர். அம்மா சந்தையில் வடை சுட்டு விற்கிறவள். ஊரில் என்னைப் பார்க்கிறவர்கள் ஒன்று பாவம் என்பார்கள், இல்லாவிட்டால் இவளுக்கு எதற்கு இவ்வளவு என்பார்கள். தள்ளி உட்கார் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

பட்டமளிப்பு விழா வந்தது. அறுவடை முடிந்து, சாலையோரம் தார்ப்பாயில் நெல் காய்கிற மாதம். அந்த மாதத்தில் மழைக்கு எங்கள் ஊரில் வேலையே கிடையாது. ஆனால் கடலில் ஒரு புயல் கிளம்பி, முதல் நாள் சாயங்காலம் தொடங்கிய மழை விடியும்போதும் நிற்கவில்லை. பத்து மணிக்கு மண்டபக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு யாரையும் உள்ளே விடமாட்டார்கள். ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவார்கள். மேடையேறி வாங்க வேண்டும். இல்லாதவர்களுக்குப் பிறகு ஒரு நாள் அலுவலக ஜன்னல் வழியாகக் கொடுப்பார்கள்.

கூட ஒருவர்தான் வரலாம் என்றிருந்தார்கள். அம்மா தன் முறையை அப்பாவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள். அப்பா இரவல் வாங்கிய பர்மிய மேல்சட்டை போட்டு, தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். நான் கணுக்கால்வரை சுற்றிக் கட்டுகிற பட்டுத் தமெய்ன் உடுத்தி, கொண்டையில் பூ வைத்து, கறுப்பு அங்கியை பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வண்டியடிக்குப் போனேன்.

"எங்க எறங்குற?"

தினமும் ஏறுகிறவள்தான். ஆனாலும் கேட்டார். அன்றைக்கு இருந்த திமிரில், "பட்டமளிப்பு மண்டபம்" என்றேன்.

"அது நம்ம லைன்ல இல்லையே." என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "சரி. ஏறு" என்றார்.

தன்லினுக்கு முன்னால் சாலை தாழ்கிற இடத்தில் வண்டிகள் நின்றிருந்தன. எங்களுக்கு முன்னால் பஸ்கள், கார்கள், வாத்துக்கூண்டு ஏற்றிய ஒரு லாரி, ரிப்பன் கட்டிய ஒரு கல்யாணக் கார். பின்னாலும் வந்து நின்றுகொண்டே இருந்தன. கோ டுன் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு முழங்காலுக்கு மேல் நனைந்து வந்தார்.

"மணல் லாரி ஒண்ணு குறுக்க நின்னுபோச்சு. ரோட்டு மேல தண்ணி ஓடுது. ரோடு எது, வயல் எதுன்னு தெரியல."

சாலையோரத்து விவசாயிகள் நனைந்த நெல்லைத் தார்ப்பாயோடு இழுத்து மேடேற்றிக்கொண்டிருந்தார்கள். தங்கள் விளைச்சல் முளைவிடப்போகிறது என்கிற கவலையிலும் ஒரு வீட்டம்மா பெரிய கெட்டிலில் தேநீர் கொண்டுவந்து, சிக்கிக்கொண்ட வண்டிகளுக்கெல்லாம் ஊற்றிக்கொண்டே போனார். வழியில் தவிக்கிறவர்களுக்குக் கொடுப்பது எங்கள் நாட்டில் புண்ணியம்.

மற்ற லைன்கார்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. "ரங்கூன் இன்னைக்கு இல்ல! எறங்குறவங்க எறங்குங்க, திரும்புறவங்க உக்காருங்க!" என்று ஸ்பேர்கள் கத்தினார்கள். அக்காவின் போன் அடித்தது. லைன் மேனேஜர். அவர் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"வண்டியத் திருப்பு. என்ஜின்ல தண்ணி போச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?"

"வண்டியத் திருப்புறேன். ஆளுங்களத் திருப்ப மாட்டேன்."

"என்ன பேசுற? லைன்ல இருக்கணுமா வேண்டாமா?"

போனை மடியில் செருகிக்கொண்டார். அது உள்ளே கத்திக்கொண்டே இருந்தது.

அப்பா என் பக்கம் குனிந்தார். அவர் எல்லோருக்கும் வழிவிட்டே பழகியவர். மில்லில், ரேஷனில், கோவிலில், எங்கேயும் ஓரமாக நின்று மற்றவர்கள் போன பிறகு போகிறவர். "திரும்பிடலாம்மா. பட்டம் எங்க ஓடிப்போகுது? அப்புறம் கேட்டா குடுப்பாங்க."

"அப்புறம் குடுக்கிறது காகிதம்ப்பா. இன்னைக்குத்தான் என் பேரக் கூப்பிடுவாங்க."

அப்பா மேல்சட்டையின் நனைந்த கையைப் பிழிந்தார்.

கோ டுன் மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பக்கம் நம்ம லைன் வண்டி ஒண்ணு ரங்கூன்லேர்ந்து வந்து நிக்குது. அதுல கியாக்தான் ஆளுங்க. இவங்க நடந்து அங்க போகட்டும், அவங்க இங்க வரட்டும். மாத்திக்கிட்டுத் திரும்பிடலாம்."

அவரிடம் ஆள் மாற்றச் சொல்வது அதுவரை யாரும் இரண்டாவது தடவை செய்யாத காரியம். அக்கா தண்ணீரைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார்.

"சரி. மாத்தலாம்."

கடைசியில் நீயும்தானா என்று நினைத்தேன். ஆனால் அவர் படியிலிருந்து குதித்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நானும் மாறுறேன். அந்த வண்டி ஸ்பேர் உங்ககூட கியாக்தான் வரட்டும், ஸயா. நான் அவன் வண்டில போறேன். இவங்கள ஏத்துனது நான்."

"மேனேஜர் என்னக் கொன்னுடுவார்."

"என்னையத்தான் கொல்லுவார். நீங்க வண்டியோடதான இருக்கீங்க."

தேநீர் கொண்டுவந்த வீட்டம்மாவிடமே தார்ப்பாய் கட்டுகிற கயிற்றைக் கேட்டு வாங்கினார். எங்கள் ஆட்களை ஒவ்வொருவராக இறக்கினார். கோழிக்கூடை வைத்திருந்த ஒரு கிழவர் மட்டும், "நான் வீட்டுக்கே போயிடறேன்ம்மா" என்றார்.

"எங்க எறங்குறேன்னு சொன்னீங்க?"

"தன்லின்."

"அப்ப தன்லின். கோழிய என்கிட்டக் குடுங்க."

முன்சீட்டில் ஒரு பொங்கி உட்கார்ந்திருந்தார். புத்தத் துறவிகளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வயதானவர், ரங்கூன் ஆஸ்பத்திரிக்குக் கண்ணைக் காட்டப் போகிறவர். தண்ணீர் இழுப்பாக இருந்தது. யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். பெண் துறவியைத் தொடக்கூடாது. அப்பா அதற்குள் மெல்ல நழுவி, திரும்புகிற வண்டியின் பக்கமாக ஒதுங்கி நின்றிருந்தார். அக்கா அவரைப் பார்த்தார்.

"அண்ணே, பொங்கி சாமி கையப் பிடிங்க. நான் பிடிக்கக் கூடாது."

"நானா? நாங்க திரும்பலாம்னு..."

"சாமி தண்ணில நிக்கிறாரு, அண்ணே. பிடிங்க."

அப்பா பிடித்தார். பிடித்த பிறகு விடமுடியுமா? மூட்டை தூக்குகிற அந்தத் தோள்களால் பொங்கியை அணைத்துக்கொண்டு, யாருக்கும் வழிவிடாத ஒரு மனிதரைப்போல என் அப்பா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நடந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். தமெய்னைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெல்வெட் செருப்பை அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு பின்னால் போனேன். பாதியில் கொண்டை அவிழ்ந்து பூ தண்ணீரில் போயிற்று. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மணல் லாரி ஓட்டுநர் மேலே உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். அக்கா லாரிக் கம்பியில் கயிறு கட்டுவதைப் பார்த்ததும் இரைந்தான்.

"ஏய் கலாம! யாரக் கேட்டு என் வண்டில கட்டுற?"

இந்தியக் கறுப்பி என்று அர்த்தம். எங்களைக் காயப்படுத்த வைத்திருக்கிற சொல். நான் ஆயிரம் தடவை கேட்டு, கேட்காததுபோல நடந்திருக்கிறேன். அக்கா முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"கலாமதான். ரோட்ட அடச்சுக்கிட்டு நிக்கிறது நானா, நீயா? கயிறு அவுந்துபோகாமப் பாத்துக்க. பொங்கி வர்றார்."

பொங்கியைக் கண்டதும் அவன் சிகரெட்டை எறிந்துவிட்டுக் கும்பிட்டான். பிறகு இறங்கிவந்து கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டான்.

அக்கரையில் நின்ற வண்டியின் ஸ்பேர் ஒரு தடித்த மனிதர். விஷயத்தைக் கேட்டதும் வாய் பிளந்தார். "என் வண்டில நீயா?"

"ஆமா. என் வண்டில நீங்க. உங்க ஆளுங்கள கியாக்தான்ல பத்திரமா எறக்குங்க. நடுவுல ஒருத்தர விட்டீங்க, எனக்குத் தெரிஞ்சுடும்."

அவர் ஆட்கள் அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்கள். நாங்கள் அவர்கள் சூடு ஆறாத பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா பின்படியில் ஏறி, முன்பின் தெரியாத ஒரு ஓட்டுநருக்கு, பல வருஷம் பழகியவர்போல "ஸ்வே!" என்று குரல் கொடுத்தார். தன்லினில் கிழவரையும் கோழிகளையும் இறக்கினார். ஆஸ்பத்திரி வாசலில் பொங்கியை இறக்கினார். சந்தை நிறுத்தத்தோடு லைன் முடிந்தது. ஓட்டுநர் என்ஜினை அணைத்தார்.

"மண்டபத்துக்கெல்லாம் நான் வரமாட்டேன்."

"நீங்க வரவேண்டாம், ஸயா. நீங்க ஏத்தல." அக்கா எங்களோடு டாக்ஸியில் ஏறிக்கொண்டார்.

அந்த நாளுக்காக அவரை லைனிலிருந்து எடுத்துவிட்டார்கள். வண்டியை விட்டுவிட்டுப் போன ஸ்பேர் என்று சொன்னார்கள். ஆட்களை விட்டுவிட்டுப் போகிற ஸ்பேர்களெல்லாம் இன்றும் அந்த லைனில்தான் இருக்கிறார்கள். அடுத்த வருஷம் அவரை ரங்கூனில் க்யிம்யிண்டைங் படகுத்துறையில் பார்த்தேன். அக்கரைக்குப் போகும் படகுகளுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னால்தானே என்றேன்.

"உன்னாலயா? பெரிய ஆளுதான் நீ. எனக்கு இந்த வேல பிடிச்சிருக்கு. ஆத்து நடுவுல எவனும் எறக்கச் சொல்ல மாட்டான்."

அதற்குப் பிறகு அந்தத் துறையில் வேறு ஆட்கள். அவர் எங்கே போனார் என்று விசாரித்தேன். ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். நான் எதையும் நம்பவில்லை.

அன்றைக்கு நாங்கள் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவைச் சாத்தியிருந்தார்கள். படிகளில் பூங்கொத்துகளோடு குடும்பங்கள் குடைக்கடியில் நின்றிருந்தன. நான் ஈர உடுப்பின்மேல் அங்கியை மாட்டிக்கொண்டேன். காவலர் எங்களைப் பார்த்ததுமே கையை ஆட்டினார்.

"முடிஞ்சுது. உள்ள ஆரம்பிச்சாச்சு. யாரும் போகக் கூடாது."

வாசல் ஒலிபெருக்கியில் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. என் துறை. என் வகுப்புத் தோழிகள். பிறகு என் பெயர். அது அந்தப் பெரிய முற்றம் முழுக்கக் கேட்டது. மழையில் நின்றவர்கள்கூடக் கேட்டிருப்பார்கள். உள்ளே ஒரு சின்ன அமைதி. பிறகு அடுத்த பெயரைப் படித்தார்கள்.

அப்பா கண்ணைத் துடைத்தார். "கேட்டுச்சும்மா. எனக்கு நல்லா கேட்டுச்சு. போதும். வா, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

"என்ன போதும்?" என்றார் அக்கா. "எங்க எறங்குறன்னு கேட்டேன். மண்டபம்னு சொன்னா. வாசல்னு சொல்லல."

கதவில் உள்ளங்கையால் அடித்தார். காவலர் பதறி ஓடிவந்தார். சத்தத்தை அடக்க உள்ளேயிருந்து யாரோ கதவைச் சாண் அகலம் திறந்தார்கள். அக்கா அந்தச் சந்தில் தன் வெறுங்காலை வைத்தார்.

"கால எடு!"

"எடுக்க மாட்டேன்."

"பைத்தியமா உனக்கு? கதவ இடிச்சா எலும்பு ஒடஞ்சிடும்!"

"ஒடைங்க."

விழாப் பொறுப்புக்கான பட்டியை இடையில் கட்டிய ஓர் ஆசிரியை உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். அவிழ்ந்த என் கொண்டையையும் சேற்றுக்கறை ஏறிய தமெய்னையும் அதன்மேல் கிடந்த அங்கியையும் பார்த்தார்.

"இவ பேரு போயிடுச்சே. நான் என்ன செய்ய முடியும்?"

"போனா திரும்பக் கூப்பிடுங்க, ஸயாமா," என்றார் அக்கா. "நான் ஒவ்வொரு ஸ்டாப்லயும் ரெண்டு தடவ மூணு தடவ கூப்பிடுறேன். என் தொண்ட என்ன தேஞ்சா போச்சு?"

ஆசிரியையின் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. கதவை இன்னும் கொஞ்சம் விலக்கி, என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார். "சத்தம் போடாம வா. கடைசி ஆளுக்குப் பின்னால நில்லு."

கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றேன். என் காலடியில் தண்ணீர் சொட்டிப் பளபளத்த தரையில் ஒரு குட்டையாகத் தேங்கியது. பக்கத்தில் நின்றவள் தன் பட்டுத் தமெய்னை ஒதுக்கிக்கொண்டாள். நான் நகரவில்லை. என் பெயரை இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள். படியேறினேன். குனிந்து, இரண்டு கைகளாலும் வாங்கினேன். திரும்பி மண்டபத்தின் கோடியைப் பார்த்தேன். அத்தனை வரிசைக்கும் அப்பால் கதவு இன்னும் சாண் அகலம் திறந்திருந்தது. அந்தச் சந்தில் மேலே என் அப்பாவின் முகம். கீழே, காவலரின் பூட்ஸுக்குப் பக்கத்தில், விரல்களை அகல ஊன்றிய ஒரு சேற்றுக்கால். நான் மேடையிலிருந்து இறங்கி என் இடத்தில் உட்காரும்வரை அது அசையவில்லை.